பதினேழு வண்டிகளில் நாற்பத்தொன்று

மார்ச் 12, செவ்வாய்

நேற்றைய பதிவில் வண்டிக்குச் சக்கரங்கள் இரண்டு என்று எழுதியிருந்தேன். எண்ணிப் பார்க்காமல் எழுதியது அது. இன்று காலை எண்ணினேன். இரண்டுதான். இருந்தாலும் எண்ணாமல் எழுதியது என் தவறு. அந்த வரியை அடித்துவிட்டு, அதே வரியை மறுபடி எழுதியிருக்கிறேன்.

வண்டி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தது. யாரும் ஓட்டி வரவில்லை. தெருமுனையில் வேகத்தைக் குறைத்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது. அக்காவின் கடை முன்னால் நின்று சென்டர் ஸ்டாண்டு போட முயன்றது. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை ஏறிக்கொண்டது.

இந்த வண்டியில்தான் மச்சான் ஒன்பது வருடத்துக்கு முன் போனார். மச்சான் பெயர் சென்னியப்பன். என் அக்கா கலாமணியின் கணவர். டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது வண்டி வந்துவிட்டது. அவர் வரவில்லை.

ஹேண்டில்பாரில் அரக்கு முத்திரை வைத்த ஒரு தாள் கட்டியிருந்தது. அதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"இவ்வண்டி அசல் எனச் சான்று பெற்றால், இதை எடுத்துச் சென்றவர் இதன் உரிமையாளரிடம் வீடு திரும்பியவராகக் கொள்ளப்படுவார். போலி எனச் சான்று பெற்றால், அவர் இனி வரமாட்டார் எனக் கொள்ளப்படும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சான்று வராவிடில், அசல் எனக் கொண்டு, வண்டி நிற்கும் வீட்டுக்கே அவர் திரும்பியதாகக் கொள்ளப்படும்."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சீட் கவரைத் தைத்து முடித்தாள். அக்கா இருசக்கர வண்டிகளுக்குச் சீட் கவர் தைக்கிறாள். கடைக்குப் பின்னால் அவள் வீடு. எனக்கு மாடியில் ஓர் அறை.

"போலின்னு எழுதிக் குடுத்துருடா," என்றாள்.

"பாக்காம எப்படிக்கா எழுதறது?"

"பாத்துட்டு எழுது. உன்னைப் பாக்க வேண்டாம்னு யாரு சொன்னா?"

"பாத்து, அசலா இருந்துச்சுன்னா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒம்பது வருசமாச்சுடா தங்கம். தனியாச் சாப்புட்டு, தனியாத் தூங்கி, தனியாச் சிரிச்சுப் பழகிட்டேன். இனி இன்னொருத்தருக்காக ரசத்துல உப்புப் பாக்க என்னால முடியாது."

இது வீண் பயம் இல்லை. சிங்காநல்லூரில் ஓர் அம்மாவின் வீட்டுக்கு இப்படித்தான் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அசல் என்று சான்றானது. அந்த அம்மா இப்போது தினமும் ஆள் இல்லாத தட்டில் மூன்று தோசை வைக்கிறார். தோசை காலியாகிறது. நாலாவது கேட்டுத் தட்டு நகர்கிறதாம்.

சான்று எழுத வேண்டியவன் நான். பகலில் பம்ப் செட் கடையில் பில் போடுகிறேன். மாலையில் 'பழைய வாகன மெய்ப்பு' வகுப்பில், வண்டி அசலா போலியா என்று கண்டுபிடிக்கப் படிக்கிறேன். அந்த வகுப்பு மாணவர்கள், ரத்த சொந்தம் ஒருவரின் வண்டிக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சான்று தரலாம். விதி அப்படி. நான் இன்னும் ஹாரன் வரைதான் படித்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றித் தெரிந்தவை: பெயர் சந்திரமதி. பதிவு அக்கா பெயரில். 1961-ஆம் வருடத்து மாடல். கிக்கர் இரண்டு பக்கமும் உண்டு. ஹெட்லைட் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுபவரைப் பார்க்கும். கம்பெனி மொத்தம் பதினேழு வண்டிகள்தான் செய்தது. அவற்றில் நாற்பத்தொரு வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

நாளை: சேஸிஸ் எண், காற்று, ஹாரன்.

மார்ச் 13, புதன்

பம்ப் செட் கடைக்கு அரைநாள் லீவு சொன்னேன்.

முதலில் சேஸிஸ் எண். எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். 9 என்று வந்தது. பதினேழில் ஒன்பதாவது. அசல் வண்டிக்கு வர வேண்டிய எண்தான். பென்சில் மேல் சந்தேகம் வந்தது. சுவரில் தாளை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எண் வரவில்லை. செங்கல் வந்தது. பென்சில் சரி.

அடுத்தது காற்று. பக்கத்துப் பஞ்சர் கடை ஜபார் பாயைக் கூப்பிட்டேன். அவர் முன் டயரின் வால்வைக் கொஞ்சம் அழுத்தி, வந்த காற்றை மூக்கால் இழுத்தார். கண்ணை மூடி நின்றார்.

"நம்ம காத்துதான் தம்பி," என்றார்.

"எப்படிங்க பாய் சொல்றீங்க?"

"சொந்தக் காத்து தெரியாதுங்களா? பழைய கம்ப்ரஸர் காத்து இது. கொஞ்சம் ஈரமா இருக்கும். ஒம்பது வருசத்துக்கு முந்தி அடிச்சது."

"அப்ப மச்சான் அன்னிக்கு உங்க கடைக்கு வந்தாருங்களா?"

"வந்தாரு. அடிச்சாரு. போனாரு. சில்லறை இல்ல, திரும்பி வாரப்பத் தரேன்னாரு."

"ஒம்பது வருசமா நீங்க இதைச் சொல்லவே இல்லையே?"

"யாரும் கேக்கலையே தம்பி. காத்தைப் பத்தி யாரு கேக்கறாங்க?"

கடைக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "பாய், கொஞ்சம் வேற மாதிரி மோந்து பாருங்களேன்!"

"மூக்கு பொய் சொல்லாதும்மா. நான் வேணும்னாச் சொல்றேன்," என்றார் அவர்.

வேண்டாம் என்று சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள்.

கடைசியாக ஹாரன். சந்திரமதியின் ஹாரன் சத்தம் போடாது. அழுத்தினால், சுற்றியிருக்கும் சத்தம் நிற்கும். அழுத்தினேன். பஸ், கிரைண்டர், எதிர் வீட்டு டிவி எல்லாம் நின்றன. ஒரு நாய் குரைப்பதுபோல் வாயைத் திறந்து, தனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தது. கையை எடுத்ததும் எல்லாம் திரும்பின. போலி வண்டிகளில் டிவி மட்டும் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. எனக்குக் கேட்கவில்லை. பதினோரு தடவை அழுத்தினேன். எதிர் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து, கதாநாயகி என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

மூன்று சோதனையிலும் வண்டி அசல். அக்காவிடம் சொன்னேன். அவள் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். அரிசிப் பானையைத் திறந்து இன்னும் ஒரு டம்ளர் எடுத்துப் போட்டாள்.

"எதுக்குக்கா?"

"கை பழகணுமல்ல."

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று சோதனைகளையும் மறுபடி செய்தேன். அதே முடிவுகள்.

மார்ச் 14, வியாழன்

சீட்டை மறந்துவிட்டேன். இது பெரிய தவறு. வண்டியில் அக்காவுக்குத் தெரிந்த ஒரே பாகம் சீட்டுதான். மச்சான் போவதற்கு ஒரு மாதம் முன்னால் அவளே கவர் தைத்துப் போட்டது. அவள் தைத்த முதல் கவரும் அதுதான்.

காலையில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து விளிம்பைத் தடவினாள்.

"இந்தா பாரு, முடிச்சு மேல் பக்கம் வந்துருக்குது," என்றாள். "ரெக்ஸினைத் திருப்பிப் போட்டுத் தைக்கோணும்னு அப்பத் தெரியாது. மூலைக்கு மூலை முடிச்சு. உக்காந்தாத் தொடையில குத்தும். அந்த மனுசன் குத்துது குத்துதுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு."

"இது நீ தைச்சதுதானா?"

"என்னைத் தவிர வேற எவ இப்பிடிக் கேவலமாத் தைப்பா?"

விதிப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே மாதிரி ஒரு மூலையைத் தைத்துத் தரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். ரெக்ஸினைத் தவறாகப் போட்டாள். அது அவள் கையில் சரியாகத் திரும்பிக்கொண்டது. மறுபடி போட்டாள். முடிச்சு கீழே போய் ஒளிந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள். இடது கையால் தைத்தாள். எட்டு மூலைகள் தைத்தாள். எட்டும் அழகாக வந்தன. எட்டாவதைப் பார்த்து அவளே கொஞ்ச நேரம் பெருமைப்பட்டாள்.

"வரமாட்டேங்குதுடா," என்றாள்.

"அப்பப் பொருந்தலை," என்றேன்.

"பொருந்தலைன்னா?"

"போலின்னு அர்த்தமா இருக்கலாம்."

அக்கா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஜபார் பாய்க்கும் எனக்கும் டீ சொன்னாள். பாய்க்குக் காரணம் தெரியாது. இருந்தாலும் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் குடித்தார்.

நான் எதையும் எழுதவில்லை. மாலை வகுப்பில் கேட்டுவிடலாம் என்று இருந்தேன்.

வகுப்பு ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறையில் நடக்கிறது. பெஞ்சு சின்னது. முழங்கால் மேசைக்கு மேலே நிற்கும். சொல்லித்தரும் வசுந்தரா மேடம், தன் உடம்பில் மாற்றிய பாகங்களை முதல் நாளே பலகையில் எழுதிவிட்டார். வலது காது. இரண்டு முழங்கால். போன மாதம் குரலையும் மாற்றினார். ஒரிஜினல் ஸ்டாக் இல்லையாம். இப்போது இருப்பது, கோபிசெட்டிபாளையம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்ட ஒருவருடைய குரல். பாடம் நடத்தும்போது சில இடங்களில் தானாக வேகம் எடுக்கும்.

நான் என் நோட்டைக் காட்டினேன். மேடம் படித்தார்.

"போலின்னு யாரு சொன்னா?" என்றார் அந்தக் குரலில்.

"பொருந்தலைங்க மேடம்."

"பொருந்தலைன்னா ரெண்டுல ஒண்ணு மாறியிருக்கு. எது மாறுச்சு? வண்டியா? ஏறு ஏறு, சீக்கிரம் சொல்லு."

"வண்டியில எதுவும் மாறலைங்க. காத்துகூட அதே காத்து."

"அப்ப?"

பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் எனக்காக "அக்கா" என்றார். மேடம் தலையாட்டிவிட்டு டயனமோ பாடத்துக்குப் போனார்.

வீடு திரும்பியதும் அக்காவிடம் சொன்னேன். "வண்டி மாறலக்கா. நீதான் மாறியிருக்க. அந்த வண்டி அசல். அதோட ஒப்பிட்டா நீ அசல் இல்ல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அதை எழுதலாமா?" என்று கேட்டாள்.

"சான்றுப் படிவத்துல கடைசியில குறிப்புக்குன்னு ஒரு வரி இருக்கு."

"எழுது," என்றாள். "நல்லாக் கொட்டை எழுத்துல எழுது."

நாளை: மூன்று மணிக்கு அக்காவுடன் அலுவலகம்.

மார்ச் 15, வெள்ளி

டூல் பாக்ஸ் வண்டியின் வலப்பக்கம் இருக்கிறது. அதைத் திறந்தால் மெய்ப்பு அலுவலகத்தின் வராந்தா. எல்லாப் பழைய வண்டிகளிலும் அப்படித்தான். உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். அக்கா கைப்பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு நுழைந்தாள்.

உள்ளே ஒரு பலகை இருந்தது. "மேசைக்குத் தூரம் இருபது அடி. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பத்து அடி கூடும்."

அக்கா இருபது அடி நடந்துபோய் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் நடந்துகொண்டிருந்தேன். படிவத்தில் தேதி சரியா என்று நினைத்தேன். மேசை கொஞ்சம் தள்ளிப்போனது. தேதியைப் பார்த்தேன். சரிதான். சரியாகப் பார்த்தேனா என்று நினைத்தேன். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். என்னைப் போன்றவர்கள் வருவார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு நுழைந்த நான் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு நாற்பது.

"என்னடா, நடந்தே அவினாசி போயிட்டு வந்தியா?" என்றாள் அக்கா.

மேசையில் இருந்த அலுவலர் தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'அவினாசியப்பன், பொறுப்பு அலுவலர்' என்று பெயர்ப்பலகை சொன்னது.

"வண்டி?" என்றார்.

"அசலுங்க."

"அப்ப அவுரு வந்துட்டாரு. வாழ்த்துகள்." முத்திரையை எடுத்தார்.

"கீழ ஒரு வரி இருக்குதுங்க."

படித்தார். பன்னைக் கீழே வைத்தார்.

"வண்டியும் அம்மாவும் பொருந்தலையா?"

"இல்லீங்க. வண்டி அப்படியே இருக்குது. இவங்க மாறிட்டாங்க."

"எவ்வளவு மாறியிருக்காங்க?"

"முழுக்கவுங்க," என்றாள் அக்கா.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டு ரெக்ஸினும் ஊசி நூலும் எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒரு மூலை தைத்தாள். அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குத்தவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்குதே. நம்ம வீட்டு ஸ்கூட்டருக்கு ஒண்ணு போடணும். என்ன வாங்கறீங்க?"

"வண்டியைக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்."

அவர் படிவத்தில் அக்கா பெயருக்குப் பக்கத்தில் 'நகல்' என்று எழுதினார்.

"சரி. வண்டி அசல் கலாமணி பேர்ல இருக்குது. சென்னியப்பன் திரும்புனது அவுங்ககிட்டத்தான். வண்டியை அங்க அனுப்பிரலாம். அவுங்க எங்க இருக்காங்க?"

"பீளமேட்டுல, பழைய வாடகை வீட்டுல," என்றாள் அக்கா. "வாசல் கேட் பக்கத்துல நின்னுட்டு இருப்பா."

"இப்பவுமா?"

"அவளுக்கு வேற வேலை தெரியாதுங்க."

அந்த வீட்டை இடித்து ஐந்து வருடம் ஆகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மேசை பத்தடி பின்னால் போனது. அக்காவின் பெஞ்சும் அதோடு சேர்ந்து போனது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அலுவலர் அங்கிருந்து சத்தமாகக் கேட்டார். "தம்பி, சான்று குடுக்கறவர் ரத்த சொந்தமா இருக்கோணும். நீங்க யாருக்குத் தம்பி?"

"கலாமணிக்குங்க."

"எந்தக் கலாமணிக்கு? வண்டி அசல் அம்மாளோடது. அவுங்க தம்பின்னாத்தான் சான்று செல்லும். இந்தம்மா தம்பின்னாச் செல்லாது."

"ரெண்டு பேருக்கும்னு எழுதலாங்களா?"

"ஒரு கட்டம்தான் இருக்குது."

"செல்லலைன்னா?"

"சான்று வரலைன்னு அர்த்தம். அஞ்சு மணிக்கு அவுரு இந்தம்மா வீட்டுல இருப்பாரு. இப்ப மணி நாலு அம்பத்தி மூணு."

நான் முறைப்படி யோசித்தேன். எனக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்திருந்தது அந்த அக்கா. மேசை பத்தடி போனது. என்னை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டது இந்த அக்கா. இன்னும் பத்தடி. மாடி அறையின் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தது இந்த அக்கா. என் பெயரைச் சுருக்கித் தங்கம் என்று முதலில் கூப்பிட்டது யார் என்று பார்த்தேன். அந்த அக்கா. இப்போதும் கூப்பிடுவது இந்த அக்கா. இருபதடி. அம்மாவைப் போல இருமுவது எந்த அக்கா என்று தெரியவில்லை. அதற்கு எத்தனை அடி என்று நான் அளக்கவில்லை. மேசை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. பெஞ்சில் ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. புடவை பச்சை என்று மட்டும் தெரிந்தது.

மணி நாலு அம்பத்தி எட்டு.

தூரத்திலிருந்து சத்தம் வந்தது.

"டேய் தங்கம்! எழுதுடா! யோசிக்காத, எழுது!"

நான் படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினேன். 'அசல் கலாமணியின் தம்பி.' கையெழுத்துப் போட்டேன். மேசை வந்து என் இடுப்பில் இடித்து நின்றது. அலுவலர் முத்திரை குத்தினார். மணி ஐந்து அடித்தது. அவர் மிச்ச பன்னை எடுத்துக்கொண்டார்.

நான் பெஞ்சைப் பார்த்தேன். பச்சைப் புடவைக்கார அம்மா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். கண் ஈரமாக இருந்தது. முகம் நிம்மதியாக இருந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

"ரொம்ப உபகாரமுங்க," என்றார். "யாருன்னே தெரியாத எனக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க."

"பரவாயில்லைங்க," என்றேன்.

வெளியே வந்தோம். வண்டி ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு பீளமேடு பக்கம் திரும்பியது. ஜபார் பாய் கம்ப்ரஸர் குழாயோடு ஓடிவந்தார். அது நிற்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கிப் போய்விட்டது. கடைக்காரம்மா தெருவில் நின்று, ஹெட்லைட் மறையும்வரை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பின்கட்டில் குக்கர் விசில் வந்தது. ஒரு விசில்தான். ஓர் ஆளுக்கான அரிசி.

நான் ரயில்வே கேட் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. இன்று வகுப்புக்குப் போகவில்லை. டயனமோ பாடத்தை யாரிடமாவது வாங்கி எழுத வேண்டும். அது திங்கட்கிழமை வேலை.

நாளை சனி. சீட் கவர் கடை பத்து மணிக்குத் திறக்கும். என் சைக்கிள் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், கவர் தைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும். பெயர் கேட்டால் சொல்ல வேண்டும்.